மச்சத்தை விட்டுப் பார்க்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டவை

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேற்றம் நெருங்கினால் யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் மச்சச் சட்டிகள், அதாவது மீனும் இறைச்சியும் சமைக்கிற சட்டிகள், அடுப்படியை விட்டு வெளியே போய்விடும். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். 25 நாளும் முடிந்து கொடி இறங்கிய பிறகு எல்லோரும் பழையபடி மீன் வாங்கினார்கள். நான் மட்டும் திரும்பத் தொடங்கவில்லை. பெரிய முடிவு எதுவும் எடுக்கவில்லை, இன்னும் ஒரு கிழமை பார்ப்போமே என்று தொடங்கியது நீண்டுவிட்டது.

அன்றிலிருந்து வேலையிடத்திலும் பேருந்திலும் கலியாணப் பந்தியிலும் ஒரே கேள்விகளை என்னிடம் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்களில் பலர் தாங்களும் ஒருமுறை முயன்று பார்க்க விரும்புகிறவர்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே தந்திருக்கிறேன். நான் வைத்தியர் இல்லை. வருத்தம் இருப்பவர்கள் எங்கே வைத்தியரிடம் கேட்க வேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

"மரக்கறி எண்டா சரியா என்ன? முட்டை சாப்பிடலாமோ? பால்?"

எங்கள் ஊர் வழக்கில் மீன், இறைச்சி, நண்டு, இறால், கணவாய், கருவாடு, முட்டை எல்லாமே மச்சம். பால், தயிர், மோர், நெய் மச்சம் இல்லை. இந்தப் பக்கத்தில் நான் "மரக்கறி" என்று எழுதுவது இதைத்தான். பாலையும் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இன்னொரு படி, அதற்குத் தனியாக ஆயத்தம் வேண்டும்.

முட்டையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுவதும் நல்ல தொடக்கம்தான். "முட்டை சாப்பிட்டால் மரக்கறியில் சேர்த்தியில்லை" என்று யாராவது சொன்னால் அதற்காக முயற்சியையே கைவிட வேண்டாம்.

"நான் ஒருநாளும் இருந்ததில்லை. என்னால முடியுமோ?"

உண்மையிலேயே ஒருநாளும் இருந்ததில்லையா? இதைக் கேட்ட ஒருவரிடம் வெள்ளிக்கிழமைகளை எண்ணச் சொன்னேன். பிறகு நல்லூர், கந்தசஷ்டியின் ஆறு நாள், திருவெம்பாவை, அவருடைய அம்மா இறந்தபோது 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் மச்சம் தொடாத ஒரு மாதம். எண்ணி முடித்தபோது அந்த வருடத்தில் மூன்று மாதத்துக்கு மேல் வந்தது. யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்தில் பிறந்தவருக்கு இது தெரியாத பாதை இல்லை. துண்டு துண்டாக நடந்த பாதையைச் சேர்த்து நடக்கிறீர்கள், அவ்வளவுதான்.

"ஒரேயடியா விடுறதோ, கொஞ்சம் கொஞ்சமா விடுறதோ?"

இரண்டும் வேலை செய்கிறது. நாள் குறித்து விடுகிறவர்களுக்கு ஒரு திருவிழாவோடு தொடங்குவது சுலபம். வீடு முழுக்க அந்த நாட்களில் மரக்கறி என்பதால் ஆசைகாட்ட ஆளில்லை. மற்றவர்கள் முதல் மாதம் கிழமையில் மூன்று நாள், அடுத்த மாதம் ஐந்து நாள் என்று கூட்டலாம்.

எப்படித் தொடங்கினாலும் 30 நாளுக்கு என்று மனதில் வையுங்கள். ஆயுளுக்கும் என்று சத்தியம் செய்து தொடங்கியவர்கள் பத்தாம் நாள் மனமுடைந்ததைக் கண்டிருக்கிறேன். 30 நாள் முடிந்த பிறகு உடம்பு எப்படி, மனம் எப்படி, வீடு எப்படி என்று பார்த்து அடுத்ததை முடிவெடுங்கள்.

"அப்ப நாளைக்குக் காலமை என்னத்தைச் சாப்பிடுறது?"

எங்கள் சமையலில் இதற்குக் குறையே இல்லை. காலையில் குரக்கன் பிட்டும் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும், அல்லது இடியப்பமும் சொதியும் பருப்பும், அல்லது பாணும் கடலைக் கறியும். மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, கட்டிப் பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கையிலை வறை, பக்கத்தில் வல்லாரைச் சம்பல், கடைசியில் மோர். பின்னேரம் எள்ளுருண்டை அல்லது அவித்த கடலை. இரவுக்குத் தோசையோ உழுத்தம்மா கலந்த பிட்டோ.

இலைகளை விட்டுவிடாதீர்கள். திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ காலையில் போனால் பொன்னாங்காணி, பசளி, அகத்தி, வல்லாரை, முருங்கையிலை, சில நாட்களில் சண்டியிலை எல்லாம் கட்டுக் கட்டாக இருக்கும். கிழமைக்கு ஐந்து நாளாவது ஏதோ ஒரு இலையில் வறை. வறை சுண்டுவது பத்து நிமிட வேலை. நான் மரக்கறிக்கு மாறிய பிறகு அதிகம் கற்றுக்கொண்டது இலைகளைப் பற்றித்தான். அதற்கு முன் பொன்னாங்காணியையும் பசளியையும் பிரித்துச் சொல்லத் தெரியாமல் அம்மாவோடு சந்தையில் நின்றிருக்கிறேன்.

"மீன் இல்லாட்டி புரதத்துக்கு என்ன செய்யிறது?"

எல்லோரும் கேட்பது இதை, கேட்க வேண்டியதும் இதைத்தான். மீனைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றுமே வைக்காமல் விடுவதுதான் முதல்முறை முயல்கிறவர்கள் செய்கிற பெரிய பிழை. சோறும் சொதியும் கிழங்குக் கறியும் வயிற்றை நிரப்பும், மீன் தந்ததைத் தராது.

வளர்ந்த ஒருவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடை என்றால் 48 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் இருக்கிறது. 50 கிராம் மைசூர்ப் பருப்பை, அதாவது சமைக்க முன் ஒரு கைப்பிடிக்குச் சற்று மேலே, கறியாக்கினால் 12 கிராம். பயறும் கடலையும் கௌபியும் இதற்குக் கிட்டத்தான். உலர்ந்த சோயாமீற்றில் எடையில் பாதி புரதம். ஆகவே 20 கிராம் போட்டால் 10 கிராம் வரும். சிறிய கிண்ணம் தயிரில் 3 முதல் 4 கிராம். நாள் முழுக்கச் சாப்பிடுகிற சோறும் பிட்டும்கூட 15 கிராம் வரைக்கும் சேர்த்துவிடும். பருப்பு ஒருநேரம், பயறோ கடலையோ இன்னொரு நேரம் என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள், 48 எட்டுகிறது.

ஒரு தட்டுக்கு ஒரு பருப்பு அல்லது பயறுவகை என்ற கணக்கு போதும். சோற்றோடு பருப்பு, பிட்டோடு பயறு, பாணோடு கடலை. அரிசியில் குறைவான ஒரு வகைப் புரதக்கூறு பருப்பில் நிறைய இருக்கிறது, பருப்பில் குறைந்தது அரிசியில் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டையும் சாப்பிட வேண்டும் என்றில்லை, அன்றைய நாளுக்குள் சேர்ந்தால் சரி.

"விரதம் பிடிக்கிற நேரமெல்லாம் களைப்பாத்தானே இருக்கு. இதுவும் அப்படித்தானே?"

விரதமும் மரக்கறிச் சாப்பாடும் ஒன்றில்லை. விரத நாளில் ஒருநேரம் சாப்பிடுகிறோம், பால் பழத்தோடு இருக்கிறோம். களைப்பு வருவது பட்டினியால். ஒவ்வொரு நாளையும் விரத நாள்போல நடத்தினால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

இந்தப் பிழையை நானே செய்தேன். முதல் இரண்டு மாதமும் மத்தியானத்தில் சோறு, சொதி, அப்பளம். இரவில் இடியப்பமும் சம்பலும். படியேறினால் மூச்சு வாங்கியது, தலைமயிர் கொட்டியது. இரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்து குறைவென்று வந்தது. மச்சத்தை விட்டதால் வந்த வினை என்று அம்மா அழாக்குறை. உண்மையில் நான் சரியாகச் சாப்பிடாததால் வந்தது. முந்தின பதிலில் சொன்ன கணக்குக்கு மாறி, வைத்தியர் தந்த இரும்புக் குளிசையையும் மூன்று மாதம் எடுத்த பிறகு சரியானது.

"பருப்பும் கடலையும் சாப்பிட்டா வயிறு ஊதுது."

கடலையையும் கௌபியையும் இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாக அவியுங்கள். உள்ளி, இஞ்சி, பெருங்காயம், பெருஞ்சீரகம் தாராளமாகப் போடுங்கள். முதல் இரண்டு கிழமைக்கு மைசூர்ப் பருப்பும் பயறும் மட்டும் போதும், கடலையைப் பிறகு சேர்க்கலாம். வயிறு பழகும்.

"இரும்புச்சத்து எண்டா ஆட்டீரல்தானே? இலையில என்ன கிடக்கு?"

இலைகளிலும் பருப்பிலும் எள்ளிலும் இரும்பு இருக்கிறது. ஆனால் இறைச்சியில் உள்ளதைப்போல உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. புளிப்போடு சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். தேசிக்காய், கொய்யா, தோடம்பழம், நெல்லி எல்லாம் உதவும். வறையை இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி விடுகிற எங்கள் பழக்கம் இதற்கு அருமையாகப் பொருந்துகிறது.

தடுப்பது தேத்தண்ணீர். சாப்பிட்ட கையோடு ஒரு பிளேன்ரீ குடிக்கிற பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணீருக்கும் நடுவில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள். எனக்கு மீனை விடுவதைவிட இது கஷ்டமாக இருந்தது.

"பி12 இல்லாமப் போகும் எண்டு வெருட்டுறாங்கள். உண்மையோ?"

உண்மை. வெருட்டல் என்று தள்ளிவிடாதீர்கள். விற்றமின் பி12 இலையிலும் பருப்பிலும் கிழங்கிலும் இல்லை. வளர்ந்தவருக்கு ஒருநாளைக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. ஒரு பெரிய கோப்பை பாலில் அதில் பாதியளவு இருக்கிறது. ஆகவே நாளுக்கு இரண்டு நேரம் பாலோ தயிரோ எடுப்பவர் ஓரளவு சமாளிக்கலாம். தேத்தண்ணீரில் விடுகிற ஒரு கரண்டிப் பால்மாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பாலையும் விடுகிறவர்களுக்குக் குளிசை கட்டாயம்.

இது உடனே தெரியாது என்பதுதான் ஆபத்து. ஈரல் பல வருடத்துக்குப் போதுமானதைச் சேமித்து வைத்திருப்பதால் முதல் வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு கை கால் விறைப்பு, மறதி, களைப்பு என்று மெல்ல வரும். வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதிக்கும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள். சீனி வருத்தத்துக்கு மெற்ஃபோமின் குளிசை நீண்ட காலம் எடுப்பவர்கள் இன்னும் கவனம், அந்த மருந்தே பி12ஐக் குறைக்கும்.

மீனை விடும்போது குறையக்கூடிய இன்னொன்று அயடீன். அதற்கு அயடீன் கலந்த உப்பு போதும். கட்டியுப்பு வாங்கினால் பொதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

"மரக்கறி எண்டு குடுக்கிறதிலயும் மாசி இருக்குமாமே?"

இருக்கும். சீனிச்சம்பலில் மாசி, அதாவது காயவைத்த சூரை மீன், போடுவது வழக்கம். கடைத் தேங்காய்ச் சம்பலிலும் சில இடங்களில் இருக்கும். சைவக் கடை அல்லாத கடையில் மரக்கறிக் கொத்துரொட்டி கேட்டால் இறைச்சி கொத்திய அதே தட்டில்தான் கொத்துவார்கள். பேக்கரி மரக்கறி ரோல்ஸின் மேல்மாவில் முட்டை இருக்கும். கப் யோகட் பலவற்றில் ஜெலற்றின் சேர்க்கிறார்கள், அது விலங்கிலிருந்து எடுப்பது. சந்தேகம் உள்ளவர்கள் சட்டித் தயிருக்கு மாறுங்கள். சோயாமீற் பைகளோடு வரும் சுவைத்தூள், நூடில்ஸ் தூள், சூப் கட்டி மூன்றையும் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.

வெளியே சாப்பிடுவதென்றால் யாழ்ப்பாணத்தில் கவலையே இல்லை. பெரியகடைப் பக்கம் மலாயன் கபே போன்ற பழைய சைவச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் அன்னதானச் சோறு சாப்பிட்டவருக்கு மரக்கறியில் ருசி இருக்குமா என்ற கேள்வியே வராது.

"வீட்டில மற்ற எல்லாரும் மச்சம். ரெண்டு சமையலோ?"

எங்கள் வீட்டில் பருப்பு, வறை, சொதி, சம்பல் எல்லோருக்கும் பொது. அவர்களுக்கு மேலதிகமாக ஒரு மீன் குழம்பு, எனக்கு மேலதிகமாக ஒரு கடலையோ சோயாமீற்றோ. சொதிக்கு மீன்தலை போடுகிற நாளில் அம்மா முதலிலேயே எனக்கு ஒரு கோப்பை வேறாக எடுத்து வைப்பார். அகப்பையை மாற்றிப் போடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. விரத நாளுக்கென்று பல வீடுகளில் வேறு சட்டி, வேறு கரண்டி ஏற்கெனவே இருக்கும். அவற்றைப் பரணிலிருந்து இறக்கி நிரந்தரமாக வைத்தால் சரி.

சமைக்கிறவருக்குச் சுமை கூடக் கூடாது. நீங்கள் மாறுகிறீர்கள் என்றால் உங்கள் மேலதிகக் கறியை நீங்களே வையுங்கள். ஆண்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். மனைவியிடமோ அம்மாவிடமோ "நாளையிலிருந்து எனக்கு மரக்கறி" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருப்பது நியாயமில்லை.

"மீன் குழம்பு மணத்தா மனம் தாங்குதில்லை. என்ன செய்யிறது?"

அந்த மணத்தில் பாதி மீனுடையது இல்லை. வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பழப்புளி, வெந்தயம், உள்ளி, கறிவேப்பிலை. இவை எல்லாம் உங்களுக்கும் உண்டு. வாழைக்காயைத் தடித்த துண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்து, அதே மீன் குழம்புக் கூட்டில் போட்டு வற்றவிடுங்கள். பொரித்த கத்தரிக்காய், பிஞ்சுப் பலாக்காய், காளான் எல்லாம் அந்தக் குழம்பைத் தாங்கும்.

சோயாமீற் பிடிக்கவில்லை என்பவர்கள் அநேகமாக அதைச் சரியாகப் பிழியவில்லை. உப்புப் போட்ட சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழியுங்கள், தண்ணீர் மாற்றி இன்னொருமுறை பிழியுங்கள், பிறகு எண்ணெயில் முறுகப் பொரித்துக் கறிக்குள் போடுங்கள். கருவாட்டுப் பொரியல் இல்லாத குறைக்கு வேப்பம்பூ வடகமும் மோர் மிளகாயும். அந்தக் கைப்பும் மொறுமொறுப்பும் பழஞ்சோற்றோடு சேர்ந்தால் எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

"கூழ் இல்லாம எப்பிடி?"

கூழை விட வேண்டியதில்லை. ஒடியல் மாவை (காயவைத்த பனங்கிழங்கின் மா) முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த கயர்த் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை, கொஞ்சம் அரிசி போட்டு அவித்து, செத்தல் மிளகாயையும் உள்ளியையும் அரைத்துப் பழப்புளியில் கரைத்து, கடைசியில் ஒடியல் மாவைக் கலந்து இறக்குங்கள். நண்டும் இறாலும் போட்ட கூழ்போல இருக்காது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிலாவிலையைக் கோலிக் குடிக்கும்போது அது கூழ்தான். பலாக்கொட்டையைக் கூட்டிப் போடுங்கள்.

"செலவு கூடுமோ, குறையுமோ?"

பருப்பும் இலையும் கொண்டு சமைத்தால் குறையும். பொதி செய்த பன்னீர், முந்திரி, காளான் என்று போனால் கூடும். கார்த்திகை மழையில் மரக்கறி விலை ஏறும்போது பயறு, கடலை, கிழங்கு, வடகத்தால் சமாளிக்கலாம்.

"எனக்குச் சீனி வருத்தம். மரக்கறிக்கு மாறினா நல்லதெண்டு சொல்லுறாங்கள்."

தட்டைப் பொறுத்தது. மீனுக்குப் பதிலாக இன்னொரு அகப்பை சோறு போட்டால் சீனி ஏறும், மரக்கறி என்பதற்காக அது இறங்காது. தட்டில் பாதி இலையும் காயும், கால்பங்கு பருப்பு, கால்பங்கு சோறு என்று வையுங்கள். கிழங்குக் கறியைச் சோற்றுப் பங்கில் எண்ணுங்கள். குளிசையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டை மாற்ற முன் கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், மருந்தின் அளவை மாற்ற வேண்டி வரலாம். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்குப் பருப்பிலும் இலையிலும் கட்டுப்பாடு இருக்கக்கூடும், அவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம்.

"பிள்ளைத்தாச்சிக்கும் சின்னப் பிள்ளைக்கும் சரிவருமோ?"

பிறந்ததிலிருந்து மரக்கறி சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர். ஆனால் கர்ப்பகாலம் புதிதாகப் பரிசோதனை செய்கிற காலம் இல்லை. முன்பே மரக்கறி என்றால் கிளினிக்கில் அதைச் சொல்லி, தருகிற இரும்பு, கல்சியம் குளிசைகளை ஒழுங்காக எடுங்கள். பிள்ளைக்குச் சிறிய வயிறு. அதனால் பருப்போடு நெய்யோ நல்லெண்ணெயோ சேர்த்து, நாலைந்து தரமாகக் கொடுக்க வேண்டும். பி12 பற்றி மேலே சொன்னது இவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும்.

"நாங்கள் வேதக்காரர். சைவச் சாப்பாடு எண்டா சனம் வேற மாதிரி நினைக்காதோ?"

சமயத்துக்கும் சாப்பாட்டுக்கும் "சைவம்" என்ற ஒரே சொல் இருப்பதால் வருகிற குழப்பம் இது. நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் உண்ணாமையைச் சைவ ஒழுக்கமாக அழுத்திச் சொன்னவர். அதனால் இங்கே இரண்டும் ஒட்டிக்கொண்டே வருகின்றன. சாப்பாட்டுக்குச் சமயம் இல்லை. தவக்காலத்தில் இறைச்சியை விடுகிற பழக்கம் கிறிஸ்தவர்களான உங்களிடமும் உண்டுதானே. அதோடு மீனையும் விட்டு ஒரு 40 நாள் முயன்று பாருங்கள். "மரக்கறி சாப்பிடுறன்" என்று சொன்னால் போதும், "சைவம்" என்ற சொல்லே தேவையில்லை.

"ஒருநாள் தவறிச் சாப்பிட்டிட்டன். எல்லாம் போச்சோ?"

கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தால் அது உங்களுக்கும் சுவாமிக்கும் இடையிலான விஷயம். சாப்பாட்டுப் பழக்கமாகப் பார்த்தால் ஒன்றும் போகவில்லை, அடுத்த நேரம் பழையபடி சாப்பிடுங்கள். சொந்தக்காரர் வீட்டில் ஆசையாகச் சமைத்து வைத்துவிட்டால் என்ன செய்வதென்றும் கேட்கிறார்கள். போக முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். "மாமி, எனக்குப் பருப்பும் சம்பலும் காணும்" என்று முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. பந்தியில் இருந்த பிறகு தட்டைத் தள்ளினால்தான் மனம் நோகும்.

"அப்பாவுக்குக் கடற்தொழில். நான் மச்சத்தை விட்டா அவரைக் குறைசொல்லுற மாதிரி ஆகாதோ?"

கரையோரத்திலிருந்து வேலைக்கு வரும் ஒரு தங்கச்சி இதைக் கேட்டாள். மற்ற எல்லாக் கேள்விக்கும் உடனே பதில் சொன்ன நான் இதற்கு ஒருநாள் எடுத்துக்கொண்டேன். மச்சம் சாப்பிடாததை உயர்வென்றும், மீன் பிடிப்பதைத் தாழ்வென்றும் பேசி மனிதரை மனிதர் தள்ளிவைத்த வரலாறு இந்த ஊருக்கு உண்டு. அது இன்னும் முழுதாகப் போகவில்லை. மரக்கறி சாப்பிடுகிற நாங்கள் அதைத் தெரியாததுபோல இருக்கக் கூடாது. என் தட்டில் மீன் இல்லை என்பதால் நான் யாரையும்விடச் சுத்தமானவள் ஆகிவிடவில்லை.

அவளிடம் சொன்னது இது. காரணத்தை அப்பாவிடம் நேரே சொல், மற்றவர் வாயால் அவர் கேட்கக் கூடாது. "மீன் கூடாது" என்று சொல்லாதே, "எனக்கு வேண்டாம், நான் முயன்று பார்க்கிறேன்" என்று சொல். வீட்டில் மீன் வெட்டுகிற, காயவைக்கிற வேலையிலிருந்து ஒதுங்காதே, மூக்கைப் பொத்தாதே. அந்தத் தொழில்தான் உன்னைப் படிக்க வைத்தது என்பதை நீ மறக்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு கிழமை கழித்து வந்து சொன்னாள். அப்பா முதல்நாள் ஒன்றும் பேசவில்லையாம். அடுத்தநாள், "அப்ப நீ என்னத்தைச் சாப்பிடுவாய்?" என்று மட்டும் கேட்டாராம். அவளுக்குப் பதில் தெரியவில்லை. நாங்கள் இருவரும் இருந்து, மேலே காலைச் சாப்பாட்டுக்கும் மத்தியானத்துக்கும் எழுதியிருக்கிற பட்டியலை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டோம்.